வண்டியைக் கொடுத்தால் போதாது, பேரையும் மாற்றிக் கொடுங்கள்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நீளமாக எழுதியிருக்கிறார். வயது 58. கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு வேலை பார்த்தவர், 14 மாதத்துக்கு முன்னால் தவறிவிட்டார். அவர் 2009 கடைசியில் புதிதாக வாங்கிய மாருதி 800 அன்றிலிருந்து ஷெட்டில் நிற்கிறது. வீட்டில் யாருக்கும் ஓட்டத் தெரியாது, ஒரே மகள் கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். இந்த அம்மாவுக்குப் பிறந்த ஊர் கோவில்பட்டி. அங்கே தம்பி மகன் எலக்ட்ரீஷியனாக இருக்கிறான், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று நாலு பேரும் ஒரே பைக்கில் போகிறார்கள். அவனுக்கு இந்தக் காரைச் சும்மா கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்.

பையன் சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் வண்டியை எடுத்து மலை இறங்கி, விடிவதற்குள் ஊர் போய்ச் சேர்கிறேன் என்கிறானாம். ராத்திரியில் டிராஃபிக் இருக்காது, யாரும் நிறுத்த மாட்டார்கள், நியூட்ரலில் விட்டால் மேட்டுப்பாளையம் வரை பெட்ரோலே செலவாகாது, இதுதான் அவன் கணக்கு. வண்டிக்கு எஃப்.சி., அதாவது முதல் 15 வருடப் பதிவு, முடிந்து 13 மாதம் ஆகிறது. இன்ஷூரன்ஸை மட்டும் மகள் ஆன்லைனில் அப்பா பேரிலேயே புதுப்பித்துவிட்டாள், ஆகஸ்ட் வரை இருக்கிறது. அந்த அம்மா கேட்பது: காசு வாங்காமல் கொடுப்பதால் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமா? 15 வருடம் தாண்டிய கார் செல்லாது, உடைக்கத்தான் வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், உண்மையா? லாரியிலோ ரயிலிலோ அனுப்பினால் செலவு குறையுமா? கடைசியாக, கொஞ்சம் தயங்கித் தயங்கி ஒன்று: 84 வயது மாமியார் 'என் மகன் வண்டி வாசல்லயே நிக்கட்டும்' என்கிறார், அவரிடம் சொல்லாமல் அனுப்பிவிடலாமா?

அம்மா, கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது.

கார் உங்கள் ஒருத்தருடையது இல்லை

கணவர் பொருள் மனைவிக்கு என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம், வக்கீலான என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் மூன்று தரப்பும் முதல் நிலை வாரிசுகள், பங்கும் சமம். ஆக இந்தக் காரில் உங்களுக்கு ஒரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு, மாமியாருக்கு ஒரு பங்கு. ஓடாத காரில் என்ன பெரிய பங்கு என்று தோன்றும். ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாரிசுச் சான்றிதழை நீட்டும்போது அதில் மாமியார் பேர் இருக்கும், அவருடைய சம்மதக் கடிதத்தைக் கேட்பார்கள். அதனால் சொல்லாமல் அனுப்ப வழியே இல்லை.

சட்டத்தை விடுங்கள். அந்தப் பாட்டி ஒரு நாள் காலையில் வாசலைப் பார்க்கும்போது ஷெட் காலியாக இருந்தால், அவருக்கு மகன் இரண்டாவது தடவை போன மாதிரி இருக்கும். உட்கார்ந்து பேசுங்கள். வண்டி நின்றால் துரு பிடிக்கும், நம்ம மூடுபனிக்கு இரண்டு வருடம் போதும், அப்புறம் யாருக்கும் உதவாது. பேரப்பிள்ளை முறையில் ஒருத்தன் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டட்டும் என்று சொல்லுங்கள். ஒரு நாளில் ஒத்துக்கொள்ள மாட்டார், விட்டுவிட்டு இன்னொரு நாள் பேசுங்கள். எழுந்து நடக்க முடியாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நோட்டரி வக்கீல் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கிக்கொள்வார், அவரை எங்கேயும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. மகளும் பெங்களூரிலேயே நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பலாம்.

ஸ்டாம்ப் பேப்பர் எதற்கு உதவும், எதற்கு உதவாது

கார் மாதிரி எடுத்துப் போகிற பொருளைத் தானமாகக் கொடுக்கப் பதிவு செய்த பத்திரம் தேவையில்லை, மனதாரக் கொடுத்து அவர் வாங்கிக்கொண்டாலே அந்தத் தானம் செல்லும். அந்த அளவில் உங்கள் நினைப்பு சரிதான். ஆனால் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். நீங்கள் எழுதிவைக்கிற பேப்பர் உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் சாட்சி, அவ்வளவுதான். அடிபட்ட மூன்றாவது ஆளை அது கட்டுப்படுத்தாது.

2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி பல கை மாறிப்போய், யாரும் ஆர்.சி.யில் பேர் மாற்றவில்லை. கடைசியாக வைத்திருந்தவர் கையில் விபத்து நடந்தது. நஷ்டஈட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பேர் இருந்த முதல் ஆள் தலையில் வந்து விழுந்தது. நான் பார்த்த ஒரு வழக்கிலும் அப்படித்தான், ஓய்வு பெற்ற ஒருவர் தன் பழைய வண்டியைத் தெரிந்த பையனுக்கு நல்ல மனதோடு கொடுத்தார், மறந்தும் போனார், நாலு வருடம் கழித்து விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தபோது அவருக்கு எந்த வண்டி என்றே ஞாபகம் வரவில்லை. கொடுத்த மனதுக்குத் தண்டனை மாதிரி ஆகிவிட்டது. உங்கள் விஷயத்தில் ஆர்.சி.யில் இருப்பவர் உயிரோடு இல்லை, அப்படியானால் அவர் விட்டுப்போன சொத்திலிருந்து, வீடோ வங்கிப் பணமோ, அதிலிருந்து கேட்பார்கள்.

அதனால் பேர் மாற்றுவதற்கான கையெழுத்தை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். போன பிறகு இரண்டு பக்கமும் கையெழுத்துக்கு அலையத்தான் நேரம் இருக்கும், 400 கிலோமீட்டர் நடுவில்.

எந்த வரிசையில் செய்வது

முதல் வேலை ஆர்.சி.யைக் கையில் எடுத்துப் பாருங்கள், கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கி பேர் ஹெச்.பி. (கடன் குறிப்பு) என்று அதில் இருக்கும். கடன் எப்போதோ கட்டி முடித்திருந்தாலும் வங்கியிலிருந்து கடிதம் வாங்கிப் படிவம் 35 கொடுத்து அந்தப் பேரை எடுக்காமல் ஒன்றும் நகராது. இது நிறையப் பேர் வீட்டில் விட்டுப்போகிற சமாச்சாரம். கூடவே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு அபராதம் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது உங்கள் பேருக்கு மாற்றுவது, படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற இரண்டு பேரின் சம்மதம். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தால் மூன்று மாதம் வரை வாரிசு அந்த வண்டியை ஓட்டலாம், அந்த மூன்று மாதத்துக்குள் பேர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்தக் காலம் எப்போதோ தாண்டிவிட்டது. பயப்பட வேண்டாம், தாமதத்துக்குக் கட்டணம் கேட்பார்கள், வண்டியைப் பறித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் எஃப்.சி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது டெல்லிக் கதை. அங்கேதான் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை என்று பேச்சு. நம் மாநிலத்தில் சொந்தக் காரை 15 வருடத்தில் கட்டாயம் உடைக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது, வண்டியைக் காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு போகலாம். ஆனால் செலவு முன்னை மாதிரி இல்லை. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 10,000, உங்களுடையது அந்த வயதுக்கு வரவில்லை. புதுப்பிக்கத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் என்கிறது மத்திய விதி, 13 மாதத்துக்கு 6,500. இதற்கு மேல் மாநிலத்தின் பசுமை வரி. ஆன்லைனில் விண்ணப்பம் போடும்போதே மொத்தத் தொகை வந்துவிடும், அதுவே கணக்கு. ஏஜென்ட் சொல்கிற தொகையை மட்டும் நம்பிப் பணம் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கடைசியாகத்தான் தம்பி மகன் பேர். படிவம் 29 நீங்கள் 14 நாளுக்குள் கொடுக்க வேண்டியது, படிவம் 30 அவன் 30 நாளுக்குள் தன் ஊர் ஆர்.டி.ஓ.விடம் கொடுக்க வேண்டியது. இரண்டிலும் இரண்டு பேர் கையெழுத்தும் அவன் இங்கே வந்திருக்கும்போதே ஆகிவிட வேண்டும். ஒரே மாநிலம் என்பதால் நம்பர் மாறாது, கோவில்பட்டியிலும் அது டி.என். 43 என்ற நீலகிரி நம்பர் வண்டிதான். இந்தத் தகவலை மாமியாரிடம் தனியாகச் சொல்லுங்கள், மகன் வாங்கிய நம்பர் அப்படியே ஓடப்போகிறது என்பது அவருக்கு ஒரு ஆறுதலாக இருக்கும். வருமான வரி பற்றி யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், அத்தை கொடுக்கிற காருக்கு அவன் வரி கட்ட வேண்டியதில்லை.

அந்த இன்ஷூரன்ஸை நம்பாதீர்கள்

மகள் நல்லெண்ணத்தில்தான் செய்தாள். ஆனால் பாலிசி என்பது ஒப்பந்தம், இறந்துபோனவரோடு புதிதாக ஒப்பந்தம் போட முடியாது. உரிமையாளர் இறந்தால் அப்போது ஓடிக்கொண்டிருந்த பாலிசி மூன்று மாதமோ அதன் முடிவுத் தேதியோ எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும், அதற்குள் வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். அதற்கு அப்புறம் அவர் பேரிலேயே புதுப்பித்ததை, நாளைக்கு ஒரு விபத்து என்றால் கம்பெனி வக்கீல் முதல் வேலையாக எடுத்துக் காட்டுவார். கையில் பாலிசி இருக்கிறது என்ற தைரியத்தில் இறங்குவது, பாலிசி இல்லை என்று தெரிந்து இறங்குவதைவிட ஆபத்து.

இறந்த தகவலைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் பேரில் மூன்றாம் நபர் பாலிசியாவது எடுங்கள், 1000 சி.சி.க்குள் இருக்கிற சொந்தக் காருக்கு வருடத்துக்கு 2,094 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அவன் பேருக்கு மாறியதும் 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு, பதிவு முடிந்த வண்டிக்கு 5,000 வரை தனி. ராத்திரியில் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று அவன் சொல்வது வேண்டுமானால் நடக்கலாம். எனக்குப் பயம் போலீஸைப் பற்றி இல்லை, ரோட்டில் குறுக்கே வருகிற ஒரு மனுஷனைப் பற்றி.

மலை இறக்குவது

இதை வக்கீலாக எழுதவில்லை, இந்த ரோட்டில் முப்பது வருடமாகப் போய் வருகிறவராக எழுதுகிறேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர், அதற்குள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் இறங்குகிறது. கோவில்பட்டிப் பையன் நல்ல டிரைவராகவே இருக்கலாம், ஆனால் இந்த இறக்கம் அவனுக்குப் புதுசு, வண்டியோ ஒரு வருடத்துக்கு மேல் நின்றது.

நியூட்ரல் கணக்கு முதலில் தப்பு. 2009 மாடலில் இருப்பது ஊசி வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கிற எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இறக்கத்தில் பெட்ரோல் ஊசி நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவு செய்கிறான், கூடவே இன்ஜின் பிடிப்பை இழந்து மொத்த எடையையும் பிரேக் மேல் போடுகிறான். எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்கு என்பது நம் ஊர் டிரைவர்கள் எல்லோரும் சொல்வது, இரண்டாவது கியர், வளைவுகளில் தேவைப்பட்டால் முதல் கியர். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழசாகிவிட்டால் சூட்டில் கொதித்துப்போய் மிதித்த கால் சும்மா உள்ளே போகும்.

ராத்திரிப் பயணம் வேண்டவே வேண்டாம். குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டம் எப்போதும் உண்டு, பலாப்பழ சீசனில் ரோட்டிலேயே நிற்கும். பனியில் பத்தடி தெரியாத இடத்தில் பழக்கமில்லாத ஆள், பழைய ஹெட்லைட். காலையில் பனி விலகினதும் கிளம்பட்டும்.

கிளம்பும் முன்னால் ஒரு நல்ல மெக்கானிக் கையில் வண்டி இரண்டு நாள் இருக்க வேண்டும். பிரேக் ஆயிலை முழுசாக மாற்றி நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கட்டும், டேங்க்கில் நின்ற பழைய பெட்ரோலை இறக்கிவிடட்டும், டைமிங் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், பேட்டரி, எலி கடித்த ஒயர் எல்லாம் பார்க்கட்டும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2318 என்று இருந்தால் 2018-இல் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் கட்டியாகியிருக்கும், அதில் கொண்டை ஊசி வளைவு இறங்கக் கூடாது. எப்படியும் எஃப்.சி. காட்ட ஊட்டிக்கு வண்டி போகத்தான் வேண்டும், அதற்கு முன்னால் இதைச் செய்தால் ஒரே செலவு.

லாரியா, ரயிலா, ஓட்டியே போவதா

ரயிலை மறந்துவிடுங்கள். மலை ரயிலில் கார் ஏறாது, மேட்டுப்பாளையத்திலிருந்து பைக் அனுப்புகிற மாதிரி ஒற்றைக் காரைப் பார்சலில் போடுவதும் நடக்காது. ரயிலில் நீங்கள் பார்க்கிற கார்கள் கம்பெனியிலிருந்து மொத்தமாகப் போகிறவை.

லாரியில் ஏற்றலாம். மாருதி 800 சுமார் 650 கிலோதான், நீளம் 3.3 மீட்டர், 14 அடி பாடி உள்ள வண்டியில் தாராளமாக நிற்கும். ஆனால் இங்கிருந்தே தனி வண்டி பிடித்தால் போக வர இரண்டு வழிக்கும் வாடகை கேட்பார்கள். மலிவாக முடிய வேண்டும் என்றால் ரிட்டர்ன் லோடுதான், தூத்துக்குடி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கோவைக்குச் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற வண்டி. பையன் உள்ளூர் லாரி ஆபீஸில் விசாரித்தால் கிடைக்கும். ஏற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கட்டை கொடுத்து, சக்கரத்தில் பெல்ட் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். மேலே வருகிற வெளி மாவட்ட வண்டி எதுவானாலும் நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வரட்டும், காசு கிடையாது.

என்னைக் கேட்டால், மெக்கானிக் சரி என்று சொல்லிவிட்டார் என்றால், கோத்தகிரி டாக்சி ஸ்டாண்டில் உங்களுக்குத் தெரிந்த ஒரு டிரைவருக்கு ஒரு நாள் பேட்டா கொடுத்து மேட்டுப்பாளையம் வரை இறக்கித்தரச் சொல்லுங்கள், பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அங்கிருந்து சமவெளி, அவனே ஓட்டிக்கொண்டு போகலாம். மொத்தம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கிடைத்தால் 25 லிட்டர் பெட்ரோல், 2,500 ரூபாய்ச் சொச்சம். எந்த லாரியும் இந்தக் காசுக்கு வராது. கண்ணாடியில் உங்கள் கணவர் பேரில் ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தால் அதன் கணக்கை மூடிவிட்டு ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள், பையன் தன் பேரில் புதிதாக எடுக்கட்டும். டேக் இல்லாமல் டோலில் யு.பி.ஐ.யில் கொடுத்தால் ஒன்றேகால் மடங்கு.

கூட்டிப் பாருங்கள், பதிவு, பசுமை வரி, இன்ஷூரன்ஸ் மட்டும் 14,000 தாண்டுகிறது, டயர், மெக்கானிக் தனி. இதை யார் கொடுப்பது என்று அவனிடம் முதலிலேயே வெளிப்படையாகப் பேசுங்கள். அத்தை சும்மா கொடுக்கிறார் என்று சந்தோஷமாக வருகிறவனுக்கு இந்தத் தொகை அதிர்ச்சியாக இருக்கும், சொந்தத்துக்குள் மனக்கசப்பு இப்படித்தான் வருகிறது. அடித்தட்டு துருப்பிடித்துவிட்டது, தேறாது என்று மெக்கானிக் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிப் பதிவை ரத்து செய்துவிடலாம். பழைய இரும்புக் கடையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், நம்பர் உயிரோடு இருக்கும்.

பையனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், எல்லாம் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அந்த நேரம் மாமியாருக்கும் தேவை. வண்டி கிளம்பும் முன் டேஷ்போர்டு பெட்டி, சீட்டுக்கு அடி எல்லாம் நீங்களே பாருங்கள், அவர் வைத்தது ஏதாவது இருக்கும். கோவில்பட்டியில் அவன் பேரில் புது ஆர்.சி. தபாலில் வந்ததும் ஒரு நகல் உங்களுக்கு அனுப்பச் சொல்லி, கணவரின் இறப்புச் சான்றிதழ் இருக்கிற ஃபைலிலேயே அதையும் வைத்துவிடுங்கள்.